அந்த இருபது காசு



2024 டிசம்பரில் கோவை குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒருவர் இருபது பையோடு வந்தார். பைக்குள்ளே என்ன? ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள்! இடைக்கால ஜீவனாம்சம் இரண்டு லட்சம். அதில் எண்பதாயிரத்தை இப்படிக் கட்ட வந்தார். நீதிபதி பார்த்தார். நோட்டாக மாற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மறுநாள் நோட்டாக வந்தது!

எண்பதாயிரத்துக்குச் சில்லறை தேடிப் பாருங்கள். இந்த அத்திபெலே டோல்கேட்டிலிருந்து ஆனேக்கல் வரைக்கும் பெட்டிக்கடை பெட்டிக்கடையாக ஏறி இறங்கினாலும் தேறாது. பணம் இல்லாதவருக்கு வருகிற யோசனையா இது? நாணயம் இருபது பையில் இருந்தது. சட்டைப்பைக்குப் பின்னால், நெஞ்சில் இருந்ததா? தட்டுங்கள், தட்டுங்கள். ஆண்களும் சேர்ந்து தட்ட வேண்டும்!

காசு என்றதும் இந்தூர்ப் பாட்டி ஞாபகம் வராமல் போகுமா? பெயர் எதற்கு, நாட்டுக்கே தெரியும். பின்னாலிருந்து ஒரு தம்பி 'ஷா பானு' என்கிறான். சபாஷ்! 1932-ல் கல்யாணம். 1975-ல் வீட்டைவிட்டு வெளியே. புருஷன் வக்கீல், கவனியுங்கள். 1978-ல் 125-ம் பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு மனு. அன்றைக்குச் சட்டத்தின் உச்சவரம்பே அவ்வளவுதான்; கோடீஸ்வரன் பெண்டாட்டிக்கும் அதே 500. 2001-ல்தான் அந்தப் பூட்டு உடைந்தது. மாஜிஸ்ட்ரேட் பாட்டிக்குப் போட்டது எவ்வளவு? 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் மனமிரங்கி ஏற்றியது: 179 ரூபாய் 20 காசு. அந்த 20 காசை எந்தத் தராசில் நிறுத்தார்களோ! 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து உறுதி செய்தார்கள். மறுவருஷமே நாடாளுமன்றம் அதை மழுங்கடிக்க வேறு சட்டம் போட்டது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் அந்த 125-ம் பிரிவு உண்டு என்று 2024 ஜூலையில் சொன்ன இரண்டு நீதிபதிகளில் ஒருவர் நாகரத்னா, இந்தக் கன்னட மண்ணின் மகள்!

இதையெல்லாம் பேசாமல், சிலர் மேடைக்கு மேடை ஒரே வீடியோவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் மாதம் 6,16,300 ரூபாய் கேட்ட வழக்கு. அவ்வளவு செலவு செய்ய ஆசையென்றால் தானே சம்பாதிக்கட்டும் என்று நீதிபதி லலிதா கன்னெகண்டி கண்டித்தாரே, அது. கண்டித்தது நியாயம்தான். ஆனால் அந்த வீடியோக்காரர்களின் வாய், மூவாயிரத்துக்காக வாய்தா வாய்தாவாகப் படியேறுகிறவளுக்காக என்றைக்காவது திறந்திருக்கிறதா? சம்பளச் சீட்டை ஒளித்து வைக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை? அவனுக்காகத்தானே 2020 நவம்பரில், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்! பொய்க்கணக்கு எழுதுகிற மனைவிக்கும் அதே பத்திரம்தான். மனுப் போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்கு.

நம்ம அத்திபெலேக்கு வாருங்கள். புருஷனுக்குப் பொம்மசந்திராவில் வேலை, ஓசூரில் மாமனார் வீடு. சண்டை வந்தால் அவள் எல்லை தாண்டி அம்மா வீட்டுக்குப் போகிறாள். 'டோல்கேட் தாண்டி வந்து பிடிப்பியா?' என்று இவன் மீசையை முறுக்குகிறான். பிடிப்பாள்! 125-க்கு 2024 ஜூலையிலிருந்து புது நம்பர் 144. அவள் குடியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம். ஓசூரில் வாங்கிய உத்தரவை அவன் இருக்கிற ஆனேக்கலில் நிறைவேற்றலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயில். ஆனால் அக்கா, நிலுவையை ஒரு வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும், தூங்கினால் போச்சு. வக்கீல் ஃபீஸுக்குத் தாலியை அடகு வைக்காதீர்கள். 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். ஒரே நிமிஷம் தலைவரே, பாட்டி கதை பாக்கி இருக்கிறது. ஜெயித்த ஏழே மாதத்தில், சுற்றியிருந்தவர்களின் நெருக்கடி தாங்காமல், அந்தத் தீர்ப்பே வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் கொடுத்துவிட்டார். 179 ரூபாயும் போயிற்று. அந்த 20 காசும்!