கவுண்ட் பேஸியின் நால்வர்



1936-ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில், சிகாகோ நகரத்தில் ஓர் இரவு, ஜான் ஹாமண்ட் என்ற இசை விமர்சகர் தம் மோட்டார் காரில் அமர்ந்து, அதிலிருந்த வானொலியின் முள்ளை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தபோது, அலைவரிசையின் ஒரு கோடியில், கான்ஸாஸ் சிட்டியிலிருந்து மெலிதாக வந்துகொண்டிருந்த ஜாஸ் சங்கீதம் அவர் காதில் விழுந்தது. ரீனோ கிளப் என்ற கேளிக்கை விடுதியில் சுமார் ஒன்பது பேர் கூடி வாசித்த அந்தக் குழுவின் தலைவர் வில்லியம் பேஸி. கவுண்ட் பேஸி என்ற பெயரால் உலகம் அவரை அறியும். ஹாமண்ட் அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். நேரிலும் போய்க் கேட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்தக் குழு விரிவடைந்து நியூயார்க் மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறு வருஷம் மார்ச் மாதம் ஃப்ரெடி க்ரீன் என்ற இளைஞர் கிதாரோடு வந்து சேர்ந்தார். பியானோவில் பேஸி, டபுள் பாஸில் வால்டர் பேஜ், டிரம்மில் ஜோ ஜோன்ஸ், கிதாரில் க்ரீன் என்று நால்வர் அணி அன்று பூர்த்தியாயிற்று. இந்த நால்வரும் சேர்ந்து வாசித்த விதத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெரிய ஜாஸ் குழுவில் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் ஆகிய ஊது வாத்தியங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும். பேஸியின் குழுவில் 1930-களின் இறுதியில் அவ்வாறு ஊதியவர்கள் பத்துப் பேர். பின்னாளில் அந்தத் தொகை மேலும் பெருகிற்று. கண்ணைப் பறிப்பவர்களும் கைதட்டல் பெறுபவர்களும் இவர்களே. இவர்களுக்கு ஒரு பக்கமாக, எதையும் ஊதாமல் அமர்ந்திருக்கும் நால்வரை அந்தச் சங்கீதக்காரர்கள் ‘ரிதம் செக்‌ஷன்’ என்று அழைக்கிறார்கள். முன்னே நின்று கோலை அசைத்துக் காலப்பிரமாணம் காட்டும் நடத்துநர் இந்தக் குழுவில் கிடையாது. தலைவரே பியானோவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஆகையால், பத்துப் பேரின் மூச்சையும் ஒரே கணத்தில் விழச் செய்கிற பொறுப்பு முழுவதும் இந்த நால்வருடையதாகிவிடுகிறது.

இந்தச் சங்கீதம் பெரும்பாலும் நான்கு அட்சரங்கள் கொண்ட சிறு சுற்றுக்களில் ஓடுவது. ஆதி தாளம் போட்டுப் பழகிய நம் கை முதல் அட்சரத்தில் ஓங்கி விழும். ஜாஸ் கேட்டுப் பழகிய ஜனங்களோ இரண்டாவதிலும் நான்காவதிலும் கை தட்டுவார்கள். அன்றியும், ஓர் அட்சரத்தை இரண்டாகப் பிளக்கும்போது முற்பாதி சற்று நீண்டும் பிற்பாதி சற்றுக் குறுகியும் விழ வேண்டும். எவ்வளவு நீளம், எவ்வளவு குறுக்கம் என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்ட இயலாது. அது வேகத்துக்கு வேகம் மாறுகிறது, ஆளுக்கு ஆளும் மாறுகிறது. ஸ்விங் என்று அவர்கள் கொண்டாடுகிற ஊஞ்சல் நடை இங்கேதான் பிறக்கிறது. எழுதிக் காட்ட முடியாத ஒன்றைப் பதினான்கு பேர் ஒருமுகமாகச் செய்வது எப்படி என்று கேட்டால், நால்வர் முதலில் செய்கிறார்கள், மற்றவர்கள் அதன்மேல் சாய்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் பதில்.

இதற்கு முந்திய தலைமுறையில் இந்தக் காரியம் வேறு விதமாக நடந்தது. 1920-களின் குழுக்களில் கீழ் ஸ்தாயிக்கு டியூபா என்ற பெரிய ஊதுகொம்பும், தாளத்துக்குப் பான்ஜோவும் இருந்தன. டியூபா வாசிப்பவர் மூச்சு வாங்க வேண்டியவராதலால், நான்கில் இரண்டு அட்சரங்களில் மட்டும் ஒலித்து மற்ற இரண்டையும் விட்டுவிடுவதே வழக்கமாயிற்று. பான்ஜோவின் கணீரென்ற ஓசையோ எவ்வளவு கூட்டத்திலும் தனித்துத் தெரியக்கூடியது. இவற்றின் இடத்தில் டபுள் பாஸும் கிதாரும் வந்து அமர்ந்த பிறகே, நான்கு அட்சரமும் சமமான கனத்துடன் நடப்பது சுலபமாயிற்று.

அந்த மாறுதலைச் செய்தவர்களில் முக்கியமானவர் வால்டர் பேஜ். 1900-இல் மிஸ்ஸௌரி மாகாணத்தில் பிறந்த இந்தப் பருத்த மனிதர், ஓக்லஹோமா சிட்டியில் ‘ப்ளூ டெவில்ஸ்’ என்ற குழுவுக்குத் தலைவராக இருந்தவர். 1928-இல் பேஸியைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவரும் அவரே. பிற்காலத்தில் தலைவர் யார், உத்தியோகஸ்தர் யார் என்பது தலைகீழாக மாறியபோதும், பேஜ் அதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பின்வரிசையில் நின்று வாசித்தார் என்பது என் மதிப்பில் அவருடைய வாசிப்பைப் போலவே உயர்ந்த விஷயம். அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், படிப்படியாக ஏறியும் இறங்கியும், அடுத்த ஸ்வரச்சேர்க்கை எங்கே தொடங்குகிறதோ அந்த வாசலுக்குக் கேட்பவரை நடத்திக்கொண்டு போவது அவருடைய முறை. பேஜும் இடம்பெற்றிருந்த பென்னி மோட்டனின் குழு 1932 டிசம்பரில் நியூஜெர்ஸியிலுள்ள காம்டனில் பதிவு செய்த இசைத்தட்டுகளில், பேஜின் இந்த நடையை இன்றும் தெளிவாகக் கேட்கலாம். மோட்டன் 1935-இல் காலமான பிறகு, அந்தக் குழுவில் இருந்தவர்கள் பலர் பேஸியோடு ரீனோ கிளப்பில் ஒன்று சேர்ந்தார்கள்.

பாஸ் நான்கையும் சுமந்துகொண்டதால் டிரம்முக்கு விடுதலை கிடைத்தது. அதுவரை டிரம் வாசிப்பவர்கள், காலால் மிதிக்கும் பெரிய டிரம்மில் ஒவ்வோர் அட்சரத்தையும் ஓங்கி அடித்துத்தான் காலத்தைக் காத்து வந்தார்கள். அந்த அதிர்வில் பாஸின் நாதம் அமிழ்ந்துபோகும். ஜோ ஜோன்ஸ் அந்தப் பொறுப்பை ஹை-ஹாட்டுக்கு மாற்றினார். ஒரு தண்டில் எதிரெதிராக மாட்டிய இரண்டு வெண்கலத் தட்டுகள், இடது காலால் மிதித்தால் மூடிக்கொண்டும், விட்டால் திறந்துகொண்டும் இருப்பதுதான் ஹை-ஹாட். அதை முழுதும் மூடாமலும் முழுதும் திறக்காமலும் வைத்து, குச்சியால் தொட்டுத் தொட்டு, ஒரு தட்டலின் ஒலி தேயுமுன் அடுத்தது வந்து கலக்கும்படி அவர் வாசித்தார். பெரிய டிரம் அடியோடு நின்றுவிடவில்லை; கேட்பவர் உணர்வாரேயன்றிக் கேட்டதாகச் சொல்ல மாட்டார் என்ற அளவுக்கு மென்மையாக உள்ளே தங்கிற்று. டிரம்பெட்டுகள் ஒருமிக்க வெடிக்கப் போகிற இடத்தில், அதற்கு அரை அட்சரம் முன்னதாக ஒரு சிறு தட்டால் அவர்களை எச்சரித்துவிடுவதும் அவருடைய வேலை.

ஃப்ரெடி க்ரீனிடம் வருகிறேன். நால்வரில் என் மனம் அதிகமாக நிற்பது இவரிடந்தான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1911-இல் பிறந்த இவர், நியூயார்க்கில் ஒரு சிறு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹாமண்டின் கண்ணில்பட்டு பேஸியிடம் வந்தவர். அதன் பிறகு சுமார் ஐம்பது வருஷம், ஒவ்வோர் அட்சரத்திலும் ஒரு மீட்டு, நான்கு அட்சரத்துக்கு நான்கு மீட்டு என்ற ஒரே காரியத்தை அவர் செய்துகொண்டிருந்தார். தனி வாசிப்பு என்பது அவரிடம் மிக அபூர்வம். மின்சார ஒலிபெருக்கி பொருத்திய கிதார் வந்து எல்லோரும் அதைத் தழுவிக்கொண்ட காலத்திலும், அவர் தம்முடைய பெரிய மரக் கிதாரையே, தந்திகளைப் பலகையிலிருந்து உயரமாகத் தூக்கிக் கட்டி, வெறும் கைவலிமையால் ஒலிக்கச் செய்தார்.

இதன் நுட்பம் என்னவென்று கவனியுங்கள். டபுள் பாஸின் தந்தியைச் சுண்டினால் எழும் நாதம் கனமானது, ஆனால் தொடக்கம் மழுங்கலானது. ஸ்வரம் எந்தக் கணத்தில் பிறந்தது என்று காது திட்டமாகச் சொல்ல முடியாது. கிதாரை மீட்டினால் தொடக்கம் கத்தி முனைபோல் கூர்மையாக இருக்கும். நாதமோ உடனே அடங்கிவிடும். க்ரீன் மீட்டிய மறுகணமே இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை இன்னும் சுருக்கிக்கொள்வார். ஆகவே, இரண்டும் ஒரே கணத்தில் விழும்போது, கூர்மை கிதாருடையதாகவும் கனம் பாஸினுடையதாகவும் இணைந்து, இரண்டு கருவிகளில் எதுவும் தனியாகத் தர இயலாத மூன்றாவது ஒரு நாதம் உண்டாகிறது. அதைச் சுற்றி ஹை-ஹாட்டின் வெண்கல ஒலி மெல்லிய திரையாகப் படர்கிறது. கிதாரின் ஆறு தந்தியையும் முழங்கச் செய்ய வேண்டும் என்ற ஆசையும் க்ரீனுக்கு இல்லை. நடுத் தந்திகளில் இரண்டோ மூன்றோ ஸ்வரங்கள், சில சமயம் காதில் தெளிவாக நிற்பது ஒன்றே ஒன்று. கீழ் ஸ்தாயி பேஜுக்கு, மேல் ஸ்தாயி பேஸிக்கும் ஊதுகிறவர்களுக்கும் என்று பங்கிட்டு விட்டு, இடையிலுள்ள குறுகிய சந்தில் அவர் குடியிருந்தார். நெய்த துணியில் பாவு நூல் கண்ணுக்குத் தெரிவதில்லை; அதை உருவிவிட்டால் துணியே இல்லை.

ஒலிபெருக்கியில்லாத அந்தக் கிதாருக்கு இன்னொரு பயனும் உண்டு. க்ரீனின் மீட்டு தம் காதுக்கு எட்டவில்லையென்றால், அளவு மீறி ஊதுகிறோம் என்று ஊதுகிறவர் தாமே அறிந்து அடங்கிக்கொள்ளலாம். பேஸியின் குழு மிக மெல்லிய குரலிலிருந்து பெரும் முழக்கத்துக்கு ஒரே தாவலில் போய்த் திரும்பும் ஆற்றல் பெற்றிருந்ததற்கு இந்த அடக்கமான அளவுகோல் ஒரு முக்கிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இனிப் பேஸி. 1904-இல் நியூஜெர்ஸியின் ரெட் பாங்க் ஊரில் பிறந்து, ஹார்லெமில் ஃபாட்ஸ் வாலர் என்ற பியானோ வித்வானிடம் பாடம் கேட்டவர். அந்தச் சம்பிரதாயத்தில் பியானோவின் இடது கை கீழ் ஸ்தாயிக்கும் நடு ஸ்தாயிக்கும் ஓயாமல் தாவித் தாவித் தாளத்தையும் ஸ்வரச்சேர்க்கையையும் தானே நடத்தும். ஒரு பியானோவே ஒரு முழுக் கச்சேரியாக ஒலிக்கும். பேஸிக்கு அது நன்றாகக் கைவந்த வித்தை. ஆனால், தம் இடது கை செய்ய வேண்டியதையெல்லாம் பேஜும் க்ரீனும் செய்துவிட்டார்கள் என்று உணர்ந்த மாத்திரத்தில், அவர் அந்தக் கையை ஏறக்குறைய மடியில் வைத்துக்கொண்டார். வலக்கையால், மேல் ஸ்தாயியில், இரண்டு ஸ்வரம், பிறகு மௌனம், எதிர்பாராத ஓர் இடுக்கில் மீண்டும் ஒரு ஸ்வரம். கற்ற வித்தையைக் காட்டாமல் இருப்பதற்குக் கற்றதைவிட அதிகத் துணிவு வேண்டும். தம் பெயரையே தாங்கி நிற்கும் ஒரு குழுவில், ஒரு தலைவர் இவ்வளவு குறைவாக வாசித்தது ஜாஸ் சரித்திரத்தில் மிக அபூர்வமான காட்சி.

ஒரு பெரிய குழுவின் பலம் டிரம்மின் பலமே என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. இந்த நால்வரில் ஒவ்வொருவரும் தம் கருவி வழக்கமாகச் செய்து வந்த காரியத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். பேஸி இடது கையை விட்டார். ஜோன்ஸ் பெரிய டிரம்மின் முழக்கத்தை விட்டார். க்ரீன் தனி வாசிப்பை விட்டார். பேஜ் தலைமையையே விட்டார். அவ்வாறு உண்டான காலியிடந்தான் இந்தக் குழுவின் லெஸ்டர் யங் போன்ற மேதை தம் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, அவசரமின்றித் தாம் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்க இடம் கொடுத்தது.

நால்வரும் ஒன்றாக இருந்த காலம் நீண்டதல்ல. பேஜ் இரண்டாம் உலக யுத்த காலத்தில் குழுவை விட்டுச் சென்றார். ஜோன்ஸை 1944-இல் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இருவரும் திரும்பி வந்தார்கள், மறுபடியும் பிரிந்தார்கள். 1950-இல் செலவு தாங்காமல் பேஸி பெரிய குழுவைக் கலைத்துச் சிறிய குழு ஒன்று அமைத்தபோது, க்ரீனை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும், க்ரீன் அழைப்பை எதிர்பாராமல் ஒரு நாள் கிதாரோடு வந்து உட்கார்ந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அதன் பின்னர் யாரும் அவரை அகற்ற நினைக்கவில்லை. 1952-இல் பெரிய குழு மீண்டும் உருவாயிற்று. நாளடைவில் எட்டி ஜோன்ஸ் பாஸுக்கும் சன்னி பேன் டிரம்முக்கும் வந்தார்கள். 1957-இல் பதிவான, நீல் ஹெஃப்டி அமைத்த ‘லில் டார்லின்’ என்ற உருப்படியை, ஹெஃப்டி எண்ணியிருந்ததைவிட மிகவும் தாழ்ந்த காலத்தில் பேஸி வாசிக்கச் செய்தார். வேகமாக வாசிக்கும்போது சிறு பிசகுகள் ஓடி மறைந்துவிடும். அவ்வளவு விளம்ப காலத்தில் ஒரு மீட்டு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் சபை முழுவதும் அறிந்துவிடும். அந்த இசைத்தட்டில் அவ்வாறு ஒன்றும் நேரவில்லை. அதே வருஷம் டிசம்பரில் வால்டர் பேஜ் நியூயார்க்கில் காலமானார். பேஸி 1984-இலும், ஜோ ஜோன்ஸ் 1985-இலும் மறைந்தார்கள். க்ரீன் 1987 மார்ச் முதல் தேதி மறையும் வரையில் அந்தக் குழுவிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்.

நேயர்கள் கேட்க வேண்டிய இசைத்தட்டு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1937 ஜூலை 7-ஆம் தேதி பதிவான ‘ஒன் ஓ’க்ளாக் ஜம்ப்’; மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். தொடக்கத்தில் பேஸியும் மற்ற மூவரும் மட்டும் வாசிக்கிறார்கள். பிறகு ஊதுகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பன்னிரண்டு பன்னிரண்டு சுற்று வாசிக்கிறார்கள். பக் க்ளேட்டனின் டிரம்பெட் ஓய்ந்ததும், மறுபடியும் நால்வருடைய வாசிப்பு மட்டும் தனித்து நிற்கிறது. அதன் பிறகே குழு முழுவதும் திரண்டு எழுகிறது. முதல் முறை சாதாரணமாகக் கேளுங்கள். இரண்டாம் முறை சாக்ஸபோனையும் டிரம்பெட்டையும் மனத்தால் ஒதுக்கிவிட்டு, பேஜின் பாஸை மட்டும் பின்பற்றிப் போங்கள். மூன்றாம் முறை க்ரீனின் கிதாரைத் தேடுங்கள். பழைய பதிவாதலால் அது எளிதில் அகப்படாது, பொறுமையாகத் தேடுங்கள்.