எங்கள் ஓவியமும் வகுப்புத் தோழர்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மண்டபத்தின் வாயிலருகே மாட்டியுள்ள கோல ஓவியத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்துள்ளார்கள். இரட்டையராகிய நாங்கள் இருவரும் இந்தக் கொல்கத்தா நகரிலே ஓவியக் கல்லூரி ஒன்றில் ஒரே வகுப்பில் பயில்கிறோம். படத்தின் கீழே எங்கள் இருவர் பெயரே காணப்படினும், அது உருவானதில் எங்கள் வங்கத் தோழர்களுக்கும் பங்குண்டு.

இருவர் சேர்ந்து ஒரு படம் வரைந்து வருக என்று ஆசிரியர் கூறியபோது, மார்கழிக் காலையில் ஒரு பெண் கோலமிடும் காட்சியைத் தேர்ந்தோம். தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய பொருள் வேறு யாது என்னும் இறுமாப்பு! இடை வளைந்து குனிந்த இளமங்கை, கிராமத்து வாசல், தரையெங்கும் படர்ந்த சிக்குக் கோலம். மூன்றே வாரத்தில் முடித்துவிட்டோம்.

எங்கள் வகுப்பிலே வெள்ளிக்கிழமைதோறும் படங்களைச் சுவரில் மாட்டி அனைவரும் கருத்துரைப்பர். அதுவரை வரைந்தவர் வாய் திறத்தல் ஆகாது. நாவை அடக்கி நிற்பது வரைவதினும் கடினம் என்பதை அன்று உணர்ந்தோம்.

வண்ணத்தைச் சிலர் புகழ்ந்தனர். பின்னர் ஒரு தோழி அருகே சென்று உற்று நோக்கினாள். அவள் இல்லத்தில் இலக்குமி பூசைக்கு ஆல்பனா இடுவது வழக்கம். அரைத்த அரிசி மாவுக் கரைசலில் சிறு துணியை நனைத்து, அது விரல் வழியே கசிந்து ஒழுகும்படி, தரையில் அமர்ந்து வரைவார்கள். “இப்பெண்ணின் கை எழுதுகோல் பிடித்த கை போலல்லவா இருக்கிறது? மாவு எங்கிருந்து விழுகிறது?” என வினவினாள். கோடு முழுவதும் ஒரே பருமனாக, அச்சிட்டது போல் இருக்கிறது என்றார் ஒருவர். புள்ளி முன்னா, கோடு முன்னா என்று கேட்டார் இன்னொருவர். புள்ளிதான் முன் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் கோட்டை இழுத்துவிட்டுப் புள்ளிகளைப் பின்னர் தூவியிருந்தோம். சில புள்ளிகள் கோட்டின்மேலேயே அமர்ந்திருந்தன!

சினம் மூண்டது. கோலத்தைப் பற்றி நமக்குச் சொல்ல இவர்கள் யார் என்று வீடு வரும்வரை பேசி வந்தோம்.

மறுநாள் விடியலில் எங்கள் அன்னையார் கோலமிடுவதை, பிறந்த நாள்முதல் முதன்முறையாக, அமர்ந்து பார்த்தோம். மாவு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நழுவுகிறது. ஏனைய விரல்கள் அதை உள்ளங்கையில் தாங்குகின்றன. கை விரைந்தால் கோடு மெலிகிறது, தயங்கினால் தடிக்கிறது. தோழியின் வினாவுக்கு விடை கிடைத்தது. அவள் கேளாத ஒன்றும் கண்ணிற் பட்டது. அன்னையார் குனியவில்லை. முழங்கால் வலியினால் மணையொன்றில் அமர்ந்து, அதை நகர்த்தி நகர்த்திக் கோலமிட்டார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம்.

“மூணு வருஷமாச்சு. தினம் தாண்டித்தானே போறீங்க?” என்றார்கள்.

இளமங்கையை அழித்தோம். மூன்றாம் மாடித் தாழ்வாரம், மணை, நரைத்த கூந்தல் ஆகியவற்றை வரைந்தோம். அடுத்த வெள்ளியன்று, பழைய படமே அழகு என்றனர் சிலர். கிராமத்து வாசலையேனும் மீண்டும் வரையுங்கள் என்றனர். அதற்கு மட்டும் நாங்கள் இணங்கவில்லை. தவமிருக்கும் உமையை நந்தலால் போஸ் வரைந்தபோது, வண்ணம் போதாது, சற்றே அணி செய்க என்று கூறிச் சென்ற ஆசான் அவனீந்திரநாத் தாகூர், இரவெல்லாம் உறங்காமல், விடிந்ததும் ஓடிவந்து, திருத்த வேண்டாம் என்று தடுத்தாராம். எங்கள் தோழர்கள் எவரும் அப்படி ஓடி வரவில்லை! நாங்களே துணிந்தோம்.

கோட்டின் பருமன் ஓரளவு சரியாகிவிட்டது. ஆயினும் மூன்றாம் வரிசையில் ஒரு சுழி தவறு என்கிறார்கள் அன்னையார். எது என்று சொல்ல மறுக்கிறார்கள். தாய்மார்கள் வெளியே செல்லும்போது சற்று நின்று பார்த்து எங்களிடம் கூறுமாறு வேண்டுகிறோம்.