கூரைக்கடியில் சிறைப்பட்ட வெப்பம்

விடியுமுன்பே காட்டுக்குப் போய், செம்பனைக் குலை அறுத்து, பிற்பகலில் வீடு திரும்புகிறவர் சற்று நேரம் கண்ணயர வேண்டும். ஆனால் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பகுதிகளில் பல வீடுகளில் அந்த நேரத்தில்தான் அறைக்குள் இருக்க முடிவதில்லை. விசிறியைச் சுழல விட்டாலும் அது அனல் காற்றையே கீழே தள்ளுகிறது. கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் இது வெறும் வசதிக் குறைவு அன்று. நாட்டின் வானிலைத் துறை, தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரி செல்சியசைத் தொட்டாலே வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலோ வெப்பம் 50 டிகிரியைக்கூடத் தாண்டுவதுண்டு.

காரணம் என்ன? நம் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று டிகிரி அளவில்தான் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை வாங்குகிறது. அந்நாளைய அத்தாப்புக் கூரை எளிதில் சூடேறுவதில்லை. ஓலை இடுக்குகளில் காற்றும் புகுந்து வெளியேறியது. மலாய்க்காரர் கட்டிய பழைய வீடுகளில் முகட்டின் முக்கோணப் பகுதியில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்காக மட்டும் செய்ததன்று அது. பின்னாளில் தகரமும் ஓடும் வந்தன. அடியில் உட்கூரை அடித்து மூடினோம். வெப்பம் உள்ளே சிறைப்பட்டது.

இந்தக் காற்றை வெளியேற்ற ஒரு மின்விசிறி பொருத்தலாமே என்று பலர் கேட்கிறார்கள். பொருத்தலாம். ஆனால் வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றுக்கு வழி வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் விசிறி சும்மா இருக்காது. உட்கூரையின் விரிசல் வழியே அறையிலுள்ள காற்றையே மேலே இழுக்கும். குளிர்சாதனம் வைத்த வீடாயின் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று கூரை வழியே போய்விடும். எனவே முதல் வேலை கூரையின் இறவாரத்தில், அதாவது சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் தாழ்வான பகுதியின் அடிப்பலகையில், துளைகள் அமைப்பதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 20 அடிக்கு 30 அடி வீடு. வெற்றிடத்தின் சராசரி உயரம் 4 அடி. அங்குள்ள காற்று 2,400 கன அடி. நிமிடத்துக்கு 400 கன அடி தள்ளும் விசிறி அதை ஆறு நிமிடத்தில் ஒரு முறை மாற்றிவிடும். அதற்கு முன்புறமும் பின்புறமுமாகச் சேர்த்து மூன்று சதுர அடித் திறப்பு இருக்கட்டும். வௌவாலும் குருவியும் புகாதிருக்க அடிக்கும் கம்பி வலை காற்றையும் கொஞ்சம் தடுக்கும் அல்லவா? 50 வாட் விசிறி ஒன்று தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 9 யூனிட் மின்சாரம் ஆகும். வெப்பம் 40 டிகிரியை எட்டியதும் தானே ஓடி, தணிந்ததும் நிற்கும் விசைமாற்றியும் சேர்த்துப் பொருத்துவது மேல்.

விசிறியை எங்கே வைப்பது? கோடி வீடாக இருந்தால் முக்கோணச் சுவரில் வைக்கலாம். வரிசையின் நடுவீட்டுக்கு அப்படிப்பட்ட சுவரே கிடையாது. அங்கே பின்பக்கச் சரிவில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, கூரையைத் திறந்துதான் பொருத்த வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து வீசும் சுமத்ரா சூறைக்காற்று மழையை உள்ளே அடிக்கும். ஆகையால் வாயை மேற்கு நோக்கி வைக்காதிருப்பது நல்லது. சில பழைய லயத்து வீடுகளில் கூரைக்கடி வெற்றிடம் தடுப்பில்லாமல் வரிசை முழுவதும் ஒன்றாகவே ஓடும். அங்கே நம் விசிறி அண்டை வீட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கும். பக்கத்து வீட்டாரைக் கலந்துகொள்வதே முறை. தோட்டத்து வீடாயின் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்குச் சில கடமைகளை விதித்திருக்கிறது. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இனி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். விசிறி காற்றைத்தான் மாற்றும். சூடேறிய தகரத்திலிருந்து வெப்பம் கதிராகவும் இறங்குகிறது. அடுப்பின் அனல் எட்டி நிற்பவர் முகத்தில் படுவது போல. அதை எந்த விசிறியாலும் தடுக்க முடியாது. கூரைக்கு அடியில் கட்டும் பளபளப்பான அலுமினியத் தாள் பெருமளவு தடுக்கும். துருப்பிடித்துக் கறுத்த தகரத்துக்கு வெள்ளைச் சாயம் பூசினாலும் நல்ல பலன் உண்டு. கையில் பணம் குறைவாக இருந்தால் துளையும் சாயமும் முதலில், தாள் அடுத்து, விசிறி கடைசியில் என்றே நாம் சொல்வோம். விசிறிக் கடைக்காரருக்கு இந்த வரிசை பிடிக்காமல் போகலாம்!

பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதில் துளையிடவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடமே விடுங்கள். வெப்பமும் எலியும் கம்பியின் உறையை அரிக்கும் இடம் அது.

வேலை முடிந்ததும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு நாற்காலியில் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்பு கையை எடுக்க வைத்த சூடு இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வலையில் படியும் தூசியைத் தூரிகையால் தட்டிவிட மறக்க வேண்டாம்.