குளிர்நீரில் ஒரு ஸ்நானம்

லண்டன் மாநகரின் ஹாம்ப்ஸ்டெட் குளங்களில் டிசம்பர் குளிரிலும் நீந்துவோர் உண்டு. குடல் வியாதிக்காகச் சத்திரசிகிச்சை பெற்று, வயிற்றில் அமைந்த ஸ்டோமா என்னும் திறப்பின் வழியே பையில் மலம் கழிப்பவரும், காயம் ஆறி வைத்தியர் சம்மதித்தால், அவ்விதம் நீராடலாம்.

திறப்பினுள் தண்ணீர் புகுமென்று அஞ்சி அநேகர் ஒதுங்கிவிடுவது பரிதாபம், அது புகாது. ஒட்டுப்பட்டை சருமத்தில் நன்கு பற்ற அவகாசம் அளித்து, பையைக் காலிசெய்து, வாயு வெளியேறும் சிறு வடிகட்டியின்மேல் அதற்குரிய வில்லையை ஒட்டினால் போதும். மெய்யான அபாயம் குளிர்ச்சியிலேயே இருக்கிறது: 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீர் திடீரெனத் தேகத்தைத் தீண்டுகையில் சுவாசம் வசமிழந்து திணறும், அத்திணறல் அடங்கும்வரை நீந்தலாகாது. கரையேறிய பின்னும் உடற்சூடு சற்று நேரம் குறைந்துகொண்டே போகும். ஆதலால், நேயர்களே, இருதய நோயுள்ளவர் இதைத் தவிர்த்துவிடுங்கள்; மற்றவரும் தனியே இறங்காதீர்கள்.