ஏழு நாள் காவல்



வயிற்று அறுவை முடிந்து, தையல் பிரித்து, ஆண்டுகள் பல கழிந்திருக்கும். திடீரென ஒரு நாள் வயிறு உப்பும், வாந்தி வரும். ஸ்கேன் பார்த்த மருத்துவர், "பழைய ஆபரேஷன் செய்த இடத்தில் குடல் ஒட்டியிருக்கிறது" என்பார். குடலடைப்புக்கு முக்கியமான காரணம் இந்த ஒட்டுதல். கருக்குழாய் அருகே ஏற்பட்டால் குழந்தைப்பேற்றுக்கும் அது தடையாகலாம்.

ஏன் ஒட்டுகிறது? வயிற்றின் உட்சுவரையும் குடலையும் பெரிட்டோனியம் என்ற வழுவழுப்பான சவ்வு மூடியிருக்கிறது. அது புண்பட்டால் சில மணி நேரத்தில் ஃபைப்ரின் என்னும் பசைப்புரதம் அங்கே படியும். வழக்கமாக, பிளாஸ்மின் என்ற நொதி அதைச் சில நாளில் கரைத்துவிடும். அறுவையில் அடிபட்ட திசுவிலோ கரைக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. கரையாமல் நின்ற இழைகள் எதிரெதிரே இருக்கும் இரண்டு பரப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும். அவற்றில் நார்த்திசுச் செல்கள் குடியேறி, கொலாஜன் சேர்ந்து, ரத்தக் குழாய்களும் வளர்ந்துவிட்டால் அது நிரந்தரக் கட்டு.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. தோல் காயம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஆறும். பெரிட்டோனியமோ விதை தூவிய வயலைப் போலப் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் முளைக்கிறது. அதனால் காயம் சிறிதானாலும் பெரிதானாலும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மூடிவிடும். அந்த ஒரு வாரம் இரண்டு பரப்புகளும் தொடாமல் இருந்தால் போதும்.

தடுப்புப் பொருள்களின் வேலை அதுதான். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செப்ராஃபிலிம், ஹயலுரோனிக் அமிலமும் செல்லுலோஸ் வகைப் பொருளும் சேர்ந்த மெல்லிய தாள். ஹயலுரோனிக் அமிலம் நம் மூட்டுத் திரவத்திலேயே இருப்பது. இந்தத் தாள் ஓரிரு நாளில் கூழாகி, சுமார் ஏழு நாள் திசுவைக் காத்து, 28 நாளுக்குள் உடலைவிட்டு வெளியேறுகிறது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், தாள் வைத்தவர்களில் 51 சதவீதம் பேருக்கு வெட்டுத் தழும்பின் அடியில் ஒட்டுதலே இல்லை. வைக்காதவர்களில் அப்படி இருந்தவர்கள் 6 சதவீதம் மட்டுமே.

கரையாத பொருளை உடல் வேறுவிதமாக நடத்தும். விழுங்கணுக்கள் அதைச் சூழும். விழுங்க முடியாதபோது ஒன்றோடொன்று இணைந்து ராட்சதச் செல்களாகும். சுற்றிலும் நார் உறை எழும். கையுறைத் தூள்கூட வயிற்றுக்குள் விழுந்தால் இப்படி அழற்சியைக் கிளப்பி ஒட்டுதலுக்கு வழிவகுக்கும். தூள் பூசிய அறுவைக் கையுறைகளை அமெரிக்கா 2017-இல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கரையும் பொருளுக்கும் எல்லை உண்டு. 1989-இல் அனுமதி பெற்ற இன்டர்சீட் என்னும் செல்லுலோஸ் துணி, ரத்தக் கசிவு நிற்காத இடத்தில் பயன் தராது. குடலை வெட்டி இணைத்த தையலைச் சுற்றிச் செப்ராஃபிலிமைச் சுற்றினால் கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. அந்த இடம் ஆற, அக்கம்பக்கத் திசு வந்து ஒட்டுவதும் தேவை. ஆகவே, எந்தத் தடுப்புப் பொருளும் மென்மையான கைக்கும் சுத்தமான அறுவைக்கும் மாற்று ஆகாது.

நேயர்களே, எந்த மருத்துவரிடம் போனாலும் பழைய அறுவைகளை, சிசேரியன் உட்பட, மறக்காமல் சொல்லுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.