கைக்குத் தரும் பாடம்



மைக்கேல் ஏஞ்சலோவைச் சிறுவர்க்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர் பலர், மேசையின் அடிப்புறத்தில் தாளை ஒட்டி, மல்லாந்து படுத்து வரையச் சொல்வர். பிள்ளைகள் மகிழ்வர், ஆயினும் பாடம் பிழை. 1508 முதல் 1512 வரை வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தைத் தீட்டிய அவர், படுத்துத் தீட்டவில்லை. சாரத்தின்மேல் நின்று, அண்ணாந்தே தீட்டினார். அதற்குச் சான்று அவரே யாத்த கவிதை. நண்பர் ஜொவான்னிக்கு எழுதிய அப்பாவில், வளைந்த தம் உடலையும் முகத்தில் சொட்டும் வண்ணத்தையும் எள்ளலோடு பாடினார். ஓரத்தில், நின்று தீட்டும் உருவம் ஒன்றையும் வரைந்தார்.

கை கற்றதை நெஞ்சு எளிதில் மறவாது. ஆதலின் கைக்குத் தரும் பாடம் மெய்யாய் இருத்தல் வேண்டும். தாளைத் தலைக்குமேல் உயர்த்திக் கட்டுங்கள். பிள்ளை நின்று பத்து நிமிடம் தீட்டட்டும். ஈரச் சுண்ணச் சாந்து உலருமுன் அவர் வண்ணமிட்டாக வேண்டியிருந்த விரைவையும் சொல்லுங்கள். கழுத்து வலிக்கத் தொடங்கும் வேளையில் அக்கவிதையைப் படித்துக் காட்டுங்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வலி, அப்போது பிள்ளையின் வலியாகும். கவிதை பிறக்கும் இடமும் அதுவே.