சாப்பிட்டதை மறக்கும் அத்தை

(திருக்காட்டுப்பள்ளியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் கடன் வசூல் பேசி முடித்து எழும்போது நம் உறுப்பினர் ஒருவர் அழுதுவிட்டார். "காலையில பழையது போட்டேங்க. சாப்பிட்டு கை கழுவிட்டு, வாசல்ல உக்காந்து 'மருமக சோறே போடல'ன்னு எங்க அத்தை தெருவுக்கே சொல்றாங்க." அதை நம்பி ஜாடை பேசியவர்களில் நாமும் உண்டு.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அல்சைமர் என்ற மறதி நோய் இப்படித்தான் செய்யும். மூளையில் அமிலாய்டு என்ற புரதத் துணுக்கு எல்லோருக்கும் உண்டாகிறது, கழிந்தும் போகிறது. சிலருக்குக் கழியாமல் ஒட்டிக்கொண்டு, நரம்பணுக்களுக்கு இடையே திட்டுத் திட்டாகப் படிகிறது. தூர் வாராத வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணி போகுமா? அது மாதிரிதான். பிறகு டௌ என்ற இன்னொரு புரதம் அணுக்களுக்குள்ளேயே சிக்குப் போட, அணுக்கள் சாகின்றன. புது நினைவைப் பதியும் இடம் முதலில் கெடுகிறது. அதனால் 40 வருடம் முன்பு வந்த மொய் ஞாபகம் இருக்கும், காலையில் தின்ற சோறு இருக்காது.

ஜெர்மனி டாக்டர் அல்சைமர் 1906இல் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் இந்தத் திட்டுகளைப் பார்த்துச் சொன்னார். மறதி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே படிவு தொடங்கிவிடுகிறதாம். அமிலாய்டு படிந்தும் மறதி வராதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை.

படிவைக் கரைக்கும் லெக்கனமேப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி தந்தது. தூர் வாரினாலும் கருகின பயிர் பச்சையாகாதே! போன நினைவு திரும்பாது. நோயின் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சிலருக்கு மூளையில் வீக்கம், ரத்தக்கசிவும் வருகிறது.

நம் நாட்டில் 60 வயதுக்கு மேல் 100 பேரில் 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அதாவது நமக்குத்தான். பிரஷர், சுகர் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். காது மந்தமானால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் மறதியைக் கூட்டும். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. எனவே டாக்டரிடம் காட்டாமல் முடிவு கட்டக்கூடாது.

அந்த மருமகள் இப்போது "இப்பத்தானே தின்னீங்க" என்று வாதாடுவதில்லை. கேட்டால் அரை டம்ளர் கஞ்சி கொடுக்கிறார். அத்தை தனியே ரோட்டுக்கு வந்தால் வீட்டில் கொண்டுவந்து விட, அவர் குழுவில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.